99.37-ஆல் வகுக்கவும்

வலிக்கு டெல்லியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. 20 லட்சம் ரூபாயில் ஆரம்பிக்க வேண்டும். நோயாளியின் வயதுக்கு ஒரு எண், ஊனத்தின் அளவுக்கு ஒரு எண். இரண்டாலும் பெருக்க வேண்டும். வருவதை 99.37-ஆல் வகுக்க வேண்டும். பணத்தால் அளக்க முடியாத துன்பத்துக்கு என்று ஒரு 10 லட்சத்தைக் கூட்ட வேண்டும். (அளக்க முடியாதது, அதனால்தான் ரவுண்டாக 10.) விடை 30 லட்சத்துக்கும் 1.23 கோடிக்கும் நடுவே எங்காவது வந்து உட்காரும். சஃப்தர்ஜங் மருத்துவமனையின் விளையாட்டுக் காய மையத்தை நடத்திவந்த டாக்டர் ஆர்.கே.ஆர்யா தலைமையில் ஒரு குழு போட்டுக்கொடுத்த கணக்கு இது. 2018 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது.

99.37 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் 65 வயதைத் தாண்டியவருக்குப் போட்டிருந்த எண் அது. 99.36 என்றால் நோயாளிக்கு லாபம், 99.38 என்றால் நிறுவனத்துக்கு லாபம். அநியாயம் யாருக்கும் நடந்துவிடக் கூடாது அல்லவா?

இரண்டு தசமம் வரை கறாராக இருக்கும் இந்தக் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிற்று. யாருக்குப் பணம் கொடுப்பது? அந்தப் பட்டியல் இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டீப்யூ நிறுவனம் செய்த ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டு, இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் பொருத்தப்பட்டது. பொருத்திக்கொண்டவர்களில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இது எதிர்க்கட்சிக்காரரின் புகார் அல்ல, அரசே அமைத்த குழுவின் அறிக்கை. சூத்திரம் தயார், ஆள்தான் காணோம்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். ஏ.எஸ்.ஆரில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். கோபால்ட், குரோமியக் கலவை. நடக்க நடக்க ஒன்றோடொன்று உரசும். உரசலில் கண்ணுக்குத் தெரியாத பொடி உதிரும், ரத்தத்தில் கலக்கும். கோபால்ட் அளவு மீறினால் இதயத் தசை, தைராய்டு, காது, கண் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்க்கும். ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்றம் செய்துகொண்ட ஒவ்வொருவரையும் ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பதிவேடுதான் இந்த மூட்டைக் காட்டிக்கொடுத்தது. 2009 டிசம்பரில் அங்கே சரக்கு சந்தையைவிட்டுப் போனது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்ப அழைக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறுபடி கீற வேண்டியிருந்தது என்பது பிரிட்டன் பதிவேட்டின் கணக்கு.

நம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அவசரப்படவில்லை. இறக்குமதி உரிமத்தை ரத்து செய்ய 2012 ஆயிற்று. டாக்டர்களுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்ப 2013 டிசம்பர். மும்பையில் மகாராஷ்டிர மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே போலீஸ்வரை போயிருந்தது. டெல்லியின் தூக்கத்தைக் கலைக்க அது போதவில்லை. மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் முன்னாள் டீன் டாக்டர் அருண் அகர்வால் தலைமையில் குழு போட்டது 2017-இல். குழு 2018 பிப்ரவரியில் அறிக்கையைக் கொடுத்தது. நிறுவனம் உண்மைகளை மறைத்தது என்று எழுதியது, குறைந்தது 20 லட்சம் கொடு என்றது, ஆபத்தான சாதனங்களுக்கு ஒரு பதிவேடு வை என்றது. அறிக்கை ஆறு மாதம் அலமாரியில் இருந்தது. பத்திரிகைகள் கிளறிய பிறகு வெளியே வந்தது. நவம்பர் 25 அன்று பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து ‘இம்ப்ளான்ட் ஃபைல்ஸ்’ என்ற புலனாய்வை வெளியிட்டார்கள். சில நாட்களுக்குள் நாம் மேலே பார்த்த சூத்திரம் பிறந்தது. பிரசவ வலி எட்டு ஆண்டு, அதுவும் நோயாளிக்கு.

இந்த எட்டு ஆண்டுகளில் அறுவை சிகிச்சை மேசையில் நடந்ததைச் சூத்திரத்தில் ஏற்ற முடியாது. பழைய தழும்பின் மேலேயே கத்தி போகும். மூட்டைச் சுற்றிய உறையைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் குழம்பாக ஒரு திரவம் வழியும். சதை கறுத்துப்போயிருக்கும். புற்றல்லாத கட்டி ஒன்று பக்கத்தில் வளர்ந்திருக்கும். நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் தசை சிலருக்குச் சவம்போலக் கிடக்கும். எலும்போடு ஒட்டிப்போன கிண்ணத்தை வளைந்த உளியை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பெயர்க்க வேண்டும்; பெயர்க்கும்போது எலும்பும் கொஞ்சம் கூட வரும். முதல் ஆபரேஷன் செய்தவருக்கு விழாவில் சால்வை கிடைக்கும். இரண்டாவதைச் செய்பவருக்குக் கிடைப்பது முதுகுவலி. இந்தத் தொழிலில் உள்ளே வைப்பது வியாபாரம். வெளியே எடுப்பது விதி.

இடுப்போடு போயிற்றா என்றால், இல்லை. அதே 2010 ஆகஸ்டில், மூட்டு திரும்ப அழைக்கப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வேறொரு சாதனத்தைப் பற்றி எச்சரித்தது. காலில் உறையும் ரத்தக்கட்டி மேலேறி நுரையீரலை அடைத்துவிடாமல் இருக்க, வயிற்றுக்குள் ஓடும் கீழ்ப் பெருஞ்சிரையில் விரித்து வைக்கும் கம்பிக் கூடை அது. ஃபில்டர் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தைச் சாப்பிட முடியாத சிலருக்கு இது உயிர்காக்கும் பொருள், அதை மறுக்கவில்லை. 1973-இல் லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவரும் கார்மன் கிம்மல் என்ற எண்ணெய்த் துறைப் பொறியாளரும் சேர்ந்து செய்த கூம்பு ஃபில்டர் மிகப் பிரபலம். எண்ணெய்க் குழாயில் கசடு பிடிக்கும் யோசனை மனிதக் குழாய்க்கு வந்தது. அது உள்ளேயே இருக்க வந்தது. பிறகு வந்தவை தற்காலிகமானவை, ஆபத்து தீர்ந்ததும் எடுத்துவிடலாம் என்று விற்கப்பட்டவை. வைக்கத் தெரிந்தவர்களுக்கு எடுக்க நேரமில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் பார்த்தபோது, எடுக்கக்கூடிய ஃபில்டர்களில் மூன்றில் ஒரு பங்கே எடுக்கப்பட்டிருந்தது.

அந்த எச்சரிக்கை சொன்னது இது: 2005 முதல் 921 புகார்கள். 328 ஃபில்டர்கள் இடம் பெயர்ந்தன. 146-இல் துண்டு கழன்று ரத்த ஓட்டத்தோடு போயிற்று. 70 சிரையைத் துளைத்தன. 56 முறிந்தன. 29-ஆம் நாளிலிருந்து 54-ஆம் நாளுக்குள் எடுத்துவிடுவது நல்லது என்று 2014-இல் அதே நிர்வாகம் நாள் குறித்தும் கொடுத்தது. 2018 மார்ச்சில் ஃபீனிக்ஸ் நகரத்து ஜூரி, முறிந்த ஒரு ஃபில்டருக்காக சி.ஆர்.பார்ட் நிறுவனம் 36 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றது. அதில் 20 லட்சம் தண்டனைத் தொகை மட்டும்.

நேரத்துக்கு வந்தால் கழுத்துச் சிரை வழியாகச் சுருக்குக் கயிறு மாதிரி ஒன்றை இறக்கி, ஃபில்டரின் உச்சியில் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுத்துவிடலாம். அன்று மாலையே தோசை சாப்பிடலாம். வராமல் இருந்தால் கொக்கி சிரையின் சுவரில் புதையும், கால்கள் வெளியே முளைக்கும், முன்சிறுகுடலைக் குத்தும், பெருந்தமனியை உரசும். அப்போது நெஞ்சுக்குழியிலிருந்து வயிற்றைப் பிளக்க வேண்டும். குடலை ஒதுக்கி, முன்சிறுகுடலைப் புரட்டிச் சிரையைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே, ஃபில்டருக்கு மேலும் கீழும் கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டு, வெளியே நீட்டியிருக்கும் கம்பிக்கால்களைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். ஆமாம், எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் அதே ஜாதிக் கருவிதான், ஸ்டெரிலைஸ் செய்தது. பிறகு சிரையைக் கீறி மீதியை எடுத்து, தலைமுடி மாதிரி நூலால் தைக்க வேண்டும். கழன்ற துண்டு இதயத்துக்குப் போய்விட்டதென்றால் மார்பெலும்பை அறுத்து, தேவைப்பட்டால் இதயத்தை நிறுத்தி, செயற்கைப் பம்பில் உயிரை ஓடவிட்டுத் தேட வேண்டும்.

29-இலிருந்து 54 நாள். இதை எய்ம்ஸ் வாசலில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். அங்கே நடைபாதையிலும் மெட்ரோ சுரங்கப்பாதையிலும் துணி விரித்துக் கிடக்கிறது பாதி பீகார். ஒவ்வொருவரிடமும் ஒரு பிளாஸ்டிக் பை. ஜவுளிக்கடைப் பைதான். உள்ளே எக்ஸ்ரே ஃபிலிம், ஸ்கேன் கவர், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார் ஜெராக்ஸ் நாலு, மஞ்சள் பூத்த அரசுக் கோப்பு. இம்ப்ளான்ட் வரும் பெட்டியில் லாட் எண்ணும் சீரியல் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரிக் கோப்பில் ஒட்டப்படும். கோப்பு ரெக்கார்டு ரூமுக்குப் போகும். ரெக்கார்டு ரூமில் கரையான் படிக்கும். நோயாளியின் கையில் கொடுக்கும் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரிதான். அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் டாக்டர் கையெழுத்தில். ‘ரிப்போர்ட்டோடு மறுபடி வரவும்’ என்று கீழே ஒரு தேதி. தர்பங்காவிலிருந்து அந்தத் தேதிக்கு வர ரயிலில் ஓர் இரவும், ஒரு வாரக் கூலியும், கூட வருகிற மச்சானின் ஒரு வாரக் கூலியும் வேண்டும். வலி இல்லையே, எதற்கு என்று வீட்டில் இருந்துவிடுவார். கம்பி வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏழைக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். ஏ.எஸ்.ஆர். பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனைகளில் செய்துகொண்டவர்கள். அந்த ஆஸ்பத்திரிகளுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களைத் தேசிய மருந்து விலை ஆணையம் அலசியது. சில பொருட்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்ததைக் கண்டது. அதுவும் 2018 பிப்ரவரிதான், அகர்வால் குழு அறிக்கை கொடுத்த அதே மாதம். அந்தப் பில்களில் ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் ஒவ்வொரு ஜோடிக் கையுறைக்கும் தனித்தனி வரி உண்டு. நர்ஸ் எத்தனை முறை கையுறை மாற்றினார் என்பது தெரியும். இடுப்பில் இரும்பு வைத்து அனுப்பிய ஆள் இப்போது எந்தத் தெருவில் நொண்டுகிறார் என்பது மட்டும் தெரியாது.

இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் விஷயத்தில் டெல்லி ஒரு தடவை விழித்துக்கொண்டது. பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தார். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வந்தது. அதுவரை அதே பொருளை லட்சத்துக்கு மேல் விற்றார்கள். அந்த ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. விலையைக் கேள்வி கேட்கலாம் என்பது வரை வந்துவிட்டோம். வைத்த பொருள் உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் இன்னும் ஒரு வழக்கறிஞர் பிறக்க வேண்டும் போலிருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவையெல்லாம் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இருமல் மருந்து, முகப்பவுடர், இடுப்பு மூட்டு, எல்லாம் ஒரே குடும்பம். 2005-இல் பத்துச் சொச்சம் சாதனங்களுக்குத்தான் அதில் இடம் கிடைத்தது. எல்லாச் சாதனங்களும் உள்ளே வர 2020 ஏப்ரல் ஆயிற்று. சந்தையில் விற்ற சாதனம் கெடுத்துவிட்டால் நோயாளிக்கு நஷ்டஈடு என்று அதில் ஒரு பிரிவும் கிடையாது. ‘மெட்டீரியோவிஜிலன்ஸ்’ என்று வாய் நிறையும் பெயரில் 2015 ஜூலையில் காசியாபாத்தில் ஒரு கண்காணிப்புத் திட்டம் தொடங்கினார்கள். அது நல்ல திட்டம்தான். டாக்டரும் ஆஸ்பத்திரியும் மனம் வைத்துப் புகார் எழுதி அனுப்பினால் வேலை செய்யும். தான் வைத்த கம்பி முறிந்தது என்று தானே எழுதி அனுப்பும் மகாத்மாக்கள் நாட்டில் நிறைய இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அமைந்தது.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகமான எஃப்.டி.ஏ. பவன் இருப்பது கோட்லா சாலையில். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஃபெரோஸ் ஷா கோட்லா, துக்ளக் சுல்தானின் இடிந்த கோட்டை. வியாழக்கிழமை அங்கே கூட்டம் ஏறும். கோட்டைக்குள் ஜின்கள் குடியிருப்பதாக ஐதீகம். இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து மனு கொண்டு வருவார்கள். மனு என்றால் சும்மா வேண்டுதல் இல்லை. தாளில் எழுதி, பெயர் போட்டு, முழு முகவரி போட்டு, சிலர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு மாடத்திலும் ஒரு பிரதி வைப்பார்கள். எந்த ஜின் எந்தத் துறையோ, யார் கண்டது? குறையைத் தீர்க்க வேண்டுமானால் ஆளின் முகவரி வேண்டும் என்கிற அளவுக்கு ஜின்னின் அலுவலகத்துக்கு நிர்வாக ஞானம் இருக்கிறது. அந்த மாடங்களைக் கூட்டிப் பெருக்கினால் கிடைக்கும் விலாசங்கள்கூட நம் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கிடைக்காது.

நிறுவனத்தையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் இதே மூட்டுக்காக 2013 நவம்பரில் சுமார் 8,000 பேருக்கு ஏறக்குறைய 250 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது ஜான்சன் அண்ட் ஜான்சன். சராசரி ஆளுக்கு 3 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல். அதே நிறுவனம் இங்கே 99.37 சூத்திரத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. 2019 மே மாதம், மறு அறுவை நடந்ததாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்கு ஆளுக்கு 25 லட்சம் தரத் தயார் என்றது. 4,700-இல் 67. ஒரே தொழிற்சாலை, ஒரே கோபால்ட், ஒரே கறுத்த சதை. இந்திய இடுப்பில் மட்டும் உலோகம் கொஞ்சம் மரியாதையாக உரசும்போலிருக்கிறது.

மறு அறுவைக்கான செலவை நிறுவனம் 2025 ஆகஸ்ட் வரை ஏற்க வேண்டும் என்று அகர்வால் குழு சொல்லியிருந்தது. அந்த ஆகஸ்டும் போய்விட்டது.

சரி, காணாமல் போன 3,600 பேரை எப்படித்தான் பிடிப்பது? அரசு பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தது. மாநிலங்களில் குழு போட்டுப் பார்த்தது. இவையெல்லாம் பழைய பாணி. நாட்டில் ஆளைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்த ஒரு வர்க்கம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது தேசிய விரயம். கடன் வசூல் ஏஜென்டுகளைச் சொல்கிறேன்.

செயலியில் 4,000 ரூபாய் கடன் வாங்கி ஒரு தவணை தவறியவரை இவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். நம்பர் மாற்றினால் புது நம்பர் அவர்களிடம் முதலில் வந்துவிடும். வீடு மாற்றினால் புது வீட்டுக்காரருக்கு போன் போகும். ஆபீஸ் மேனேஜருக்கு, மாமனாருக்கு, பள்ளியில் கூடப் படித்தவருக்கு, எப்போதோ ஒரு முறை வந்த பிளம்பருக்கு, வரிசையாகப் போன் போகும். கடன்காரர் திகாரில் இருந்தாலும் இமயமலையில் இருந்தாலும் மூன்றாம் நாள் காலை அவருக்கு ‘குட் மார்னிங்’ வந்துவிடும். இவர்களுக்கு ரெக்கார்டு ரூம் வேண்டாம், லாட் எண் வேண்டாம், மெட்டீரியோவிஜிலன்ஸ் வேண்டாம்.

டெண்டர் விடலாம். நிபந்தனைகள் எளிது: கண்டுபிடிக்கும் ஒவ்வோர் இடுப்புக்கும் கமிஷன். ஃபில்டர்காரர்களுக்கு 54-ஆம் நாள் தாண்டுவதற்குள் போன் செய்தால் போனஸ். வழக்கமான கெட்ட வார்த்தைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நோயாளியிடம் பேசக் கூடாது. வைத்த ஆஸ்பத்திரிக்கும், விற்ற நிறுவனத்துக்கும், எட்டு ஆண்டு யோசித்த அலுவலகத்துக்கும் காலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை விடாமல் அடிக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவர்களுடைய மாமனாருக்கு.